சிவப்புப் பொட்டு வைத்த வால்வுகள்

– மறுபடியுமா அண்ணா? போன மாசம்தானே உன் கித்தார் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக் கொடுத்தேன்!

– கொடுத்தே பாப்பா, கிழிச்சே! சத்தத்தைக் கூட்டுற கண்ணாடி வால்வு ரெண்டும் கருகிப் போச்சு. வந்த கோவத்துல பிடுங்கி உன் குப்பைத்தொட்டியில வீசிட்டேன், சனியன்.

– என்னை ஒரு வார்த்தை கேக்காமலேயா?

– செத்த வால்வை என்ன பண்றது, சட்டம் போட்டு மாட்டவா?

– சரி விடு. இங்க பாரு. வால்வு செருகுற சாக்கெட்டையே போர்டுல ஈயம் உருக்கிப் பத்த வெச்சிருக்கான். சூடு ஏறி ஏறி எல்லாம் விண்டு கிடக்கு. ஒண்ணைத் தொட்டா பக்கத்துல இருக்கிறது பிஞ்சுக்கிட்டு வருது. போர்டையே மாத்தணும். அந்த போர்டு செய்யறதையே கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்.

– புத்தம் புதுசு பாப்பா! எப்படிப் பளபளன்னு இருக்கு!

– வெளியில பளபளப்பு. அப்பாவோட ஆம்பை ஓட்டைப் பெட்டின்னு உன் தம்பி, சின்னவன் தலையில கட்டிட்டு, நீயா ஆசைப்பட்டு வாங்கினதுதானே?

– அதை ஏன் கிளறுற? வயிறு எரியுது. அதுல எல்லாம் தனித்தனி கம்பி. எது போனாலும் அதை மட்டும் மாத்தி அனுப்பிடுறே. எனக்குன்னு வந்தா மட்டும் போர்டு, கம்பெனின்னு கதை!

– நான் என்ன ஓரவஞ்சனையா பண்றேன்?

– பின்னே? போன கச்சேரியில அவன் ஒரு தந்தியைத் தட்டினான், கூட்டமே அவன் பக்கம் திரும்பிடுச்சு. முன்னாடி நின்னு வாசிக்கிறவன் நானு, என் பொண்டாட்டியே அவனைப் பார்த்துத் தலையாட்டுறா! எல்லாம் அப்பா வாங்கி வெச்ச பழைய வால்வு. இப்ப வர்ற சொத்தை மாதிரியா அது?

– இல்லதான். அந்த மாதிரி இப்ப யாரு செய்யறா?

– சாயங்காலம் பாட்டுக்காரர் எங்க ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிட்டு, ஒருத்தனைத்தான் குழுவுல வெச்சுக்குவாராம். தெரியுமில்ல?

– சின்னவன் சொன்னான்.

– குமிழ் மாத்த வந்த அவன் ஆம்ப் அதோ இருக்கு. ரெண்டுக்கும் ஒரே ரகம்தானே, அந்த வால்வைக் கழட்டி எனக்குப் போட்டு, எப்படியாவது இன்னிக்கு ஒரு நாள் ஓட வை.

– அப்ப அவனுக்கு?

– புதுசா ஏதாவது செருகி விடு. அவன் கண்டானா?

– அவன் உன் தம்பி அண்ணா.

– அதான் தாங்கல! வேற எவன் என்னை மிஞ்சினாலும் தூங்கிடுவேன். இவன் மிஞ்சினா சோறு இறங்க மாட்டேங்குது பாப்பா.

– நீயே கழட்டிக்கோ போ. பின்பக்கம் திறந்துதான் இருக்கு.

– இரு... என்ன இது, அடியில சிவப்புப் பொட்டு? இது என் வால்வு! எவனும் மாத்திடக் கூடாதுன்னு என் பொண்டாட்டி நகப்பூச்சை எடுத்து நானே வெச்ச பொட்டு. திருட்டுப்பய!

– வாயைக் கழுவு. போன மாசம் உன் ஆம்ப் இங்க கிடந்தப்ப, ரெண்டு பேர் வால்வையும் மாத்திப் போடச் சொன்னதே அவன்தான். "முன்னாடி நிக்கிறது அண்ணன், நல்லது அவனுக்கு இருக்கட்டும். சொல்லிடாதே, கௌரவம் பார்ப்பான்"னான்.

– அப்ப போன கச்சேரியில... அவன்கிட்ட நான் கேட்ட சத்தம்?

– உன் சொத்தை வால்வோடது.

– என் ஆம்புல இருந்தது?

– குப்பைத்தொட்டியில கிடக்கு அண்ணா, அப்பா வாங்கினது ரெண்டும்.