சொன்ன நேரத்துக்குத் தைத்த கவுன்

டீச்சர்: என் சட்டையில இன்னும் கையே வைக்கலையா டெய்லரே?

டெய்லர்: காலர் மட்டும்தான் பாக்கி டீச்சர். நாளைக்கு வாங்க.

டீச்சர்: இன்னிக்குப் பதினோரு மணிக்கு நினைவுக் கூட்டம். அதுக்குப் போடணும்னு போன மாசமே சொன்னேன்.

டெய்லர்: பழைய சட்டையிலயே போய்ட்டு வாங்களேன்...

டீச்சர்: முப்பது வருஷமா பழைய சட்டையிலதான் போறேன்.

டெய்லர்: வேற டெய்லரைப் பாக்க வேண்டியதுதானே.

டீச்சர்: எப்படிப் பாப்பேன்? அன்னிக்கு என் சட்டை தயாரா இருந்திருந்தா நானும் வீட்டுக்குப் போயிருப்பேன். இதே பெஞ்சில உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன். சைரன் ஊதுச்சு, விமானம் வந்து குண்டு போட்டுச்சு... எங்க தெருவே இல்ல. உங்க சோம்பேறித்தனம் போட்ட பிச்சைதான் இந்த உயிர். அதான் வருஷா வருஷம் நன்றி சொல்ல வரேன்.

டெய்லர்: சொல்லியாச்சுல்ல? கிளம்புங்க.

டீச்சர்: நீங்களும் வரீங்க.

டெய்லர்: இந்தப் பேன்ட்டுக்கு ஜிப் வைக்கணும்...

டீச்சர்: மெஷின்ல நூலே கோக்கல. என்ன ஜிப்?

டெய்லர்: கண்ணு சரியாத் தெரியல...

டீச்சர்: இந்த வருஷம் எங்க தெருவுல செத்தவங்க பேரை நான் வாசிக்கிறேன். இருபத்திமூணு பேரு. கடைசிப் பேரு என் தங்கச்சியோடது. அதை மட்டும் நீங்க வாசிக்கணும்.

டெய்லர்: ஐயோ, நானா? என்னை விட்டுடுங்க டீச்சர்.

டீச்சர்: காரணம் சொல்லாம விட மாட்டேன்.

டெய்லர்: ...ஒரே ஒரு துணியைத்தான் சொன்ன நேரத்துக்குத் தச்சிருக்கேன். உங்க தங்கச்சியோட நீலக் கவுன். நச்சரிச்சே வாங்கிட்டா, வாலு. போர்க்காலம், நூல் தட்டுப்பாடு வேற. நீல நூல் தீந்துபோய், பச்சை நூல்லயே ஓரம் அடிச்சுக் கொடுத்தேன்.

டீச்சர்: மயில் மாதிரி இருக்குன்னு சிரிச்சா.

டெய்லர்: இங்கயே மாத்திப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஓடினா. அவகிட்டயும் நாளைக்கு வான்னு சொல்லியிருந்தா... உங்க பக்கத்துல உட்கார்ந்து அவளும் என்னைத் திட்டிக்கிட்டிருந்திருப்பா.

டீச்சர்: டெய்லரே...

டெய்லர்: இருங்க, சொல்லிடறேன். நீங்க நன்றி சொல்றப்பல்லாம் ஊசி குத்தற மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் எந்தத் துணியும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்ததில்ல. முன்னாடி சோம்பேறித்தனம், இப்ப பயம். அவ பேரை நான் எந்த வாயால வாசிப்பேன்?

டீச்சர்: அன்னிக்குச் சாயங்காலம் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துல வரிசையாப் படுக்க வெச்சிருந்தாங்க. முகம் பாத்துச் சொல்ற நிலைமையில யாரும் இல்ல. பாதிப் பேர் யாருன்னு தெரியாமலே புதைச்சாங்க. அவங்க கல்லுல இன்னிக்கும் வெறும் நம்பர்தான். நான் ஒவ்வொரு துணியா ஓரத்தைத் திருப்பிப் பாத்துக்கிட்டே போனேன்... நீலத் துணியில பச்சை நூல். அதனாலதான் என் தங்கச்சி கல்லுல பேர் இருக்கு. என் உயிருக்கு நன்றின்னு வாய் சொல்லுச்சு, ஆனா முப்பது வருஷமா நான் சொல்ல வந்த நன்றி இதுக்குத்தான். சொல்லத் தெம்பில்லாமப் போச்சு. எழுந்திருங்க டெய்லரே. பதினொண்ணுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கு. அவளுக்காக இன்னொரு தடவை சொன்ன நேரத்துக்கு வாங்க.