பின்னால் சுற்றிய மோட்டார்

"அம்மணி, மோட்டார் பின்னாடி சுத்துது. மொதல்ல அதை நிறுத்து."

காங்கேயம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் போனில் இப்படிச் சொன்னதும் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. எண்ணெய் ஆலைக்காரர். ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல் நிதானமாக வந்தது.

"நேராத்தானுங்க சுத்துது."

"நீ அனுப்புன வீடியோவுலயே தெரியுதே. எலக்ட்ரீசியன் வயரை மாத்திக் குடுத்துப்போட்டான். செக்கு ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அவர் போனில் ஓடிய அந்த வீடியோவை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவளுங்க. போன் நம்ம கண்ணு மாதிரி விடாமப் பாக்கறதில்லீங்க. விட்டு விட்டுப் படம் புடிக்குது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல மோட்டார் சக்கரம் ஒரு முழுச் சுத்து முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கும். வரிசையா ஓட்டிப் பாத்தா பின்னாடி போற மாதிரித்தான் தெரியும்."

அவர் அரை மனதாகப் போனை வாயருகே கொண்டுபோனார்.

"அம்மணி, பின்னாடி சுத்துனா எண்ணெய் வராது. வருதா?"

"கொப்பரை போட்டதுல இருந்து வந்துட்டுத்தானுங்க இருக்குது."

அவர் சீட்டில் சாய்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அப்பாடா. எலக்ட்ரீசியனை வேற சும்மா திட்டிப்போட்டேன்."

மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஸ்பீக்கரில் மனைவி சொன்னார்:

"நான் பக்கத்துல நின்னு கண்ணால பாத்துத்தானுங்க காலையிலயே சொன்னேன். அது பத்தாதுன்னுதானே வீடியோ கேட்டீங்க?"