ராணி தடுத்த ரொட்டி

பில்ச்சரம்மா: பதினேழு ஷில்லிங், நாலு பென்னி.

ரேஃப்: அதை இப்பவா கேப்பீங்க?

பில்ச்சரம்மா: வேற எப்போ கேக்கறது? கடனுக்கு என் ரொட்டிய வாங்கிட்டு, என் ரொட்டி வண்டியவே மறிச்சு நிக்கிற. காவல்காரன்னா நாலு ஊரு தள்ளிப் போய் நில்லேன்.

ரேஃப்: நான் மறிக்கல. ராணி மறிக்கிறாங்க. டச்சுக்காரங்க கப்பலுக்கு ரொட்டி, இறைச்சி, பீர் எதுவும் போகக் கூடாது. பத்து நாளா டோவர் துறைமுகம் முழுக்கக் கத்தியாச்சு. உங்க காதுல மட்டும் மாவு.

பில்ச்சரம்மா: அந்த ராணி உனக்குச் சம்பளம் குடுத்து எத்தனை மாசமாச்சு?

ரேஃப்: ...கிறிஸ்துமஸுக்கு முன்னாடி.

பில்ச்சரம்மா: வண்டிய விடு. கடன்ல பாதிய விட்டுடறேன்.

ரேஃப்: லஞ்சமா?

பில்ச்சரம்மா: தள்ளுபடி.

ரேஃப்: மெதுவாப் பேசுங்க... மேல பாக்காதீங்க. சத்திரத்து மாடி ஜன்னல்ல ஒருத்தன் உக்காந்திருக்கான்.

பில்ச்சரம்மா: கறுப்புத் தொப்பியா?

ரேஃப்: பாக்காதீங்கன்னா... ஸ்பெயின் தூதரோட ஆளு. கப்பலுக்கு என்ன போகுதுன்னு எழுதி எழுதி லண்டனுக்கு அனுப்பறான்.

பில்ச்சரம்மா: அவன் ஒருத்தனுக்காக நம்ம புராட்டஸ்டன்ட் மதத்துக்காரங்க பட்டினி கெடக்கணுமா? ஸ்பெயின் ராஜா வீட்டக் கொளுத்தறான்னு ஓடி வந்தவங்க. இத்தனை நாளா இடம் குடுத்ததும் இதே ராணிதானே?

ரேஃப்: குடுத்தாங்க. இப்போ பிரான்ஸ்காரனோட ஒப்பந்தம் பேசிட்டிருக்காங்க. அது கையெழுத்தாகற வரைக்கும் ஸ்பெயின்காரன் சண்டைக்கு வந்துடக் கூடாது. அதான் டச்சுக்காரங்கள வெளிய போகச் சொல்லிட்டாங்க.

பில்ச்சரம்மா: பிரான்ஸ்காரனும் போப்பாண்டவர் ஆளுதானே?

ரேஃப்: ரெண்டு பேருமே அவர் ஆளுங்கதான். ஆனா ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. அது நம்ம நல்ல நேரம். ரெண்டும் கை கோத்துக்கிட்டு வந்தா இந்தக் கரை தாங்காது.

பில்ச்சரம்மா: ம்... அவளும் பாவந்தான். ஒண்டிப் பொம்பள. எனக்கும் மாவு மில்லுக்காரன் ரெண்டு பேரு. இவன்கிட்ட மூட்டை எடுத்தா அவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறான். ரெண்டு பேர்கிட்டயும் சிரிச்சு சிரிச்சுத்தான் அடுப்பு எரியுது.

ரேஃப்: அவங்களுக்கும் தாடை வலிக்கும்.

பில்ச்சரம்மா: அவளுக்குத் தாடை வலி. கப்பல்ல இருக்கறவனுக்கு வயித்து வலி.

ரேஃப்: தவக்காலந்தானே. ஒரு பொழுதுன்னு நினைச்சுக்கட்டும்.

பில்ச்சரம்மா: பல்லக் காட்டாத. நம்ம ஊர்த் தவக்காலமே இறைச்சிய நிறுத்தி மீன்காரனப் பொழைக்க வைக்கறதுக்காக. தண்ணி ஏறுது பாரு... கப்பல்ல பாய அவுக்கறாங்க. ஒரே ஒரு மூட்டை, ரேஃப்.

ரேஃப்: டச்சுக்காரங்க மேல என்ன திடீர்ப் பாசம்? அவங்க சீஸை மோந்து பாத்துட்டுச் செருப்புத் தோலுன்னு சொன்னது நீங்கதானே?

பில்ச்சரம்மா: கிளெம் அதுல இருக்கான்.

ரேஃப்: உங்க பையனா? கேன்டர்பரில அத்தை வீட்ல இருக்கான்னீங்க?

பில்ச்சரம்மா: சொன்னேன். இங்கிலாந்துக்காரன் எவனாவது அந்தக் கப்பல்ல இருந்தா தூக்குன்னு சந்தையில நின்னு படிச்சவன் நீ. உன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல? பத்தொன்பது வயசு. பசி தாங்க மாட்டான். இனிமே எந்தக் கரையில சேப்பாங்க அவங்கள?

ரேஃப்: ...வண்டியத் திருப்புங்க.

பில்ச்சரம்மா: நீயெல்லாம் மனுஷனா?

ரேஃப்: திருப்புங்க. கோவமாத் திருப்புங்க. ஜன்னல்ல இருக்கறவன் பாக்கணும்.

பில்ச்சரம்மா: கோவத்த வேற நடிக்கணுமா நான்? நாளைக்கே நீதிபதிகிட்டப் போறேன். காவல் வீட்ல நீங்க மூணே பேரு. பத்து நாள்ல இருநூறு ரொட்டிக்கு மேல கடன். மூணு பேரு தின்னதா அது? வயிறா, கல் குவாரியா...

ரேஃப்: பில்ச்சரம்மா.

பில்ச்சரம்மா: என்ன?

ரேஃப்: உங்க அடுப்பு எடது பக்கம் இன்னும் கருக்குதாம். சொல்லச் சொன்னான்.

பில்ச்சரம்மா: ...யாரு?

ரேஃப்: வேற யாரு. என் மச்சான் படகுல, வலைக்கு அடியில வச்சு தினமும் உங்க ரொட்டி கப்பலுக்குப் போச்சு. காவல் வீட்ல நாங்க ஓட்ஸ் கஞ்சிதான் குடிச்சோம்.

பில்ச்சரம்மா: அத்தனையுமா?

ரேஃப்: அத்தனையும். ரெண்டு வாரம் தாங்கும்னு சொன்னாங்க. இன்னிக்கு இந்த வண்டி திரும்பிப் போறத ஜன்னல்காரன் எழுதினாத்தான் எல்லாருக்கும் நிம்மதி... சிரிச்சுடாதீங்க.

பில்ச்சரம்மா: யார்றா சிரிக்கறா... கண்ணு தெரியல எனக்கு.

ரேஃப்: அழுதா பரவாயில்ல. அதையும் எழுதிக்கட்டும்.

பில்ச்சரம்மா: பாவி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ரேஃப்: நீங்க கேன்டர்பரின்னீங்க. நானும் கேன்டர்பரின்னே வச்சுக்கிட்டேன்... கடனக் கொஞ்சம் பொறுத்துக்கங்க. சம்பளம் வந்ததும் மொத்தமாத் தந்துடறேன்.

பில்ச்சரம்மா: வாய மூடு. எம் புள்ள தின்னதுக்கு ஊரான்கிட்டக் காசு வாங்குவேனா? தீந்து போச்சு, போ.