மேலத்தெருக் கரடி

— வெட்ட மாட்டேன்னா வெட்ட மாட்டேன். இன்னும் எத்தனை தடவை சொல்றது, தலைவரே?

— பாத்தீங்களா கனோம்மா? அதாவது, நகர மன்ற உறுப்பினர் உங்க முன்னாடியே இந்தப் பேச்சுன்னா, எங்க தெருச் சங்கக் கூட்டத்துல எப்படிப் பேசியிருப்பாங்கன்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

— இருங்க இருங்க. ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க. பக்கத்து அறையில பட்ஜெட் கமிட்டி நடக்குது, சத்தம் போட்டா எட்டிப் பாப்பாங்க. சுமி அக்கா, அந்த ஹீட்டர் பக்கமா வாங்க, குளிர்ல வந்திருக்கீங்க. தொகாஷி தலைவரே, நீங்க சொல்லுங்க. மன்றத்துக்கிட்ட என்ன கேக்கறீங்க?

— ரெண்டே விஷயம். மேலத்தெருவுல ஆளு இருக்கற கடைசி வீடு சுமியோடது. வாசல்ல பெர்சிமன் பழ மரம். பழுத்துத் தொங்குது, ஒண்ணைக்கூடப் பறிக்க மாட்டேங்கறாங்க. கரடி அதுக்குத்தான் மலையிலேர்ந்து இறங்குது. அந்த மரத்த வெட்டணும், அது ஒண்ணு. இன்னொண்ணு, இன்னிக்கு சாயங்காலமே கரடியச் சுட அனுமதி வேணும். வேட்டைக்கார சக்குமா ஆளுங்களோட போய் நின்னாச்சு. மேயர் என்ன சொல்றாருன்னா, அந்த வார்டு உறுப்பினர் சரின்னு சொன்னா நானும் சரின்னுடறேங்கறாரு.

— நல்ல மேயர். நாளைக்கு ஏதாவது ஆனா என் தலை உருளும். சரி, கரடிய யாரு பாத்தா?

— ஓபா வீட்டம்மா பாத்தாங்க. பாத்த மாத்திரத்துல தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கிழிச்சுப் போட்டுருச்சு. முள்ளங்கி பிடுங்கப் போனவங்கம்மா அவங்க! இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க பையில மணியக் கட்டிக்கிட்டு நடக்குதுங்க. மேலத்தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு, எந்த வீட்டுக்குள்ள என்ன படுத்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

— ஓபா வீட்டம்மாவ தினமும் போய்ப் பாக்கறவ நான். கரடியே இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? என் மரத்துக்கு வர்றது கரடி இல்ல. அவ்வளவுதான்.

— அப்ப சங்கக் கட்டடத்துல வச்சிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எங்க போச்சு? கல்லறையில படைச்ச சோத்து உருண்டை எங்க போச்சு?

— இருங்க அக்கா, நான் கேக்கறேன். சங்கக் கட்டடத்துக் கதவு உடைஞ்சிருந்துச்சா, தலைவரே?

— அது... இல்ல. சாத்தித்தான் இருந்துச்சு.

— ஆக, உங்க கரடி தாழ்ப்பாளத் திறந்து, கிழங்க எடுத்துக்கிட்டு, திரும்பச் சாத்திட்டும் போயிருக்கு. என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு நாள் கதவச் சாத்தினதில்ல.

— சிரிங்க கனோம்மா, சிரிங்க. உங்க தெருவுக்கு வந்தா சிரிப்பு வராது.

— சரி, சிரிக்கல. சுமி அக்கா, அந்த மரம் என்ன, உங்க வீட்டுக்காரர் ஞாபகமா வச்சிருக்கறதா?

— அவரா? அவருக்கு அந்த மரத்தக் கண்டாலே ஆகாது. நாங்க வீடு வாங்கினப்பவே நின்னுது. துவர்ப்புப் பழம், அப்படியே கடிச்சா நாக்கு ஒட்டிக்கும், காயப் போட்டாத்தான் இனிக்கும். பாசமெல்லாம் ஒண்ணும் கிடையாது. பழம் தீர்ற வரைக்கும் நிக்கட்டும். அப்புறம் நானே ஆள வச்சு வெட்டித் தர்றேன்.

— பழம் தீர்ற வரைக்கும் கரடி வருமேம்மா! அதத்தான நானும் சொல்றேன்! கனோம்மா, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இவங்க பையன் விஷயம் உங்களுக்குத் தெரியும்ல...

— என் முன்னாடியே சொல்லுங்க. எனக்குத் தெரியாததா?

— கோடை முடியற சமயம், பையன் வீட்ட விட்டுப் போயிட்டான். தெருவே திரண்டு தேடினோம். அதாவது, நானே மூணு நாள் மலையில சுத்தினேன், முட்டி வீங்கிப் போச்சு. ஓடைக்கரையில ஒத்தை ஷூ கிடைச்சுது. சுத்திக் கரடிக் காலடி. போலீசே தேடறத நிறுத்திட்டாங்க. இவங்கதான் இன்னும் படம் வைக்கல, ஊதுபத்தி ஏத்தல. புத்த குருவ நானே கூட்டிட்டு வந்தேன், வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க.

— செத்தவங்களுக்குத்தான ஊதுபத்தி? அவன் ஏன் போனான்னும் சொல்லுங்க, தலைவரே.

— இப்ப எதுக்கு அது?

— அம்மாவுக்கு முழுசாத் தெரியட்டும். திருவிழாப் பல்லக்கு வச்சிருந்த கிடங்கு எரிஞ்சுது. யாரு பண்ணியிருப்பா? வேலைய விட்டுட்டு வந்து வீட்டுக்குள்ளயே கிடக்கற பையன், ஆளு அடங்கினப்புறம் மட்டும் வெளிய நடக்கற பையன், அவனாத்தான் இருக்கணும். ஒருத்தராவது அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டீங்களா? கேட்டிருந்தா அவனும் பதில் சொல்லியிருப்பான். நான் கடைக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னு போகும். அன்னிக்கிலேர்ந்து மேலத்தெருவுல ஒரு வாய் அவன் பேரச் சொன்னதில்ல. இப்பக்கூடப் பாருங்க, “பையன்”. “இவங்க பையன்”.

— எலி மின்சாரக் கம்பியக் கடிச்சதுதான் காரணம்னு தீயணைப்புக்காரங்க சொன்னாங்களா இல்லையா? சொன்ன அன்னிக்கே சுற்றுப்பலகையில போட்டேனே! என் கைப்பட எழுதினேன் கனோம்மா, வேணும்னா கேட்டுப் பாருங்க.

— போட்டீங்க. வீடு வீடா முத்திரை குத்திக் கைமாறி வர்ற பலகை. என் வீடு கடைசி வீடு. அது என் கைக்கு வந்த அன்னிக்குக் காலையில அவன் படுக்கைய மடிச்சு வச்சுட்டுப் போயிட்டான். உங்க வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு வெங்காயப் பாத்தி. தாண்டி வந்து, எலிதான்மா, அவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்குக் கால் வரல.

— தலைவரே, டீ ஆறிப்போகுது. குடிங்க.

— வேண்டாம்மா.

— ஊர் ஒலிபெருக்கியில அஞ்சு மணிப் பாட்டு போட்டுட்டாங்க. வெளிய வெளிச்சமும் போகுது. இது உங்க போன்தான அடிக்குது?

— சக்குமாதான். ...சொல்லு. ...எங்க? ...நல்லாப் பாத்தியா? சரி, இன்னும் அனுமதி வரல. கதவையே குறி வச்சுக்கிட்டு இரு, வந்த உடனே சொல்றேன். ...கனோம்மா, தெஷிமாவோட காலி வீடு இருக்குல்ல, சுமி வீட்டுக்கு அடுத்தாப்புல? அந்தக் கொட்டகைக்குள்ள ஏதோ அசையுதாம். அங்கதான் படுக்குதுன்னு எனக்கு முன்னாடியே சந்தேகம், அதான் அவன அங்க நிறுத்தினேன். மேயருக்குச் சொல்லிடுங்கம்மா. இத விட்டா வேற சமயம் கிடைக்காது.

— சொல்லாதீங்க! கனோம்மா, உங்க கால்ல விழறேன், சொல்லாதீங்க.

— அக்கா, அக்கா, எந்திரிங்க. என்ன இது? எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க. காரணமே இல்லாம நான் எப்படி வேண்டாம்ங்கறது? நாளைக்கு ஒரு பிள்ளைய அடிச்சுட்டா, அந்த வீட்டு வாசல்ல போய் நான் என்னன்னு நிப்பேன்?

— என் மரத்தப் போய்ப் பாருங்க. கரடி ஏறினா கிளை முறியும். பாதி கடிச்ச பழம் கீழ கிடக்கும். என் மரத்துல ஒரு கிளை முறியல. பழம் போன இடமெல்லாம் கத்தரி வெட்டு. வெட்டின கிளை நுனியெல்லாம் மரத்தடியில கிடக்கு. காம்ப மட்டும் நறுக்கல, காம்போட குறுக்கால துண்டுக் கிளையும் சேத்து வெட்டியிருக்கு.

— கயித்துல கட்டித் தொங்கவிடத் தோதாவா, அக்கா?

— ஆமா. காயப் போடறதுக்குன்னு பறிக்கறவங்கதான் அப்படி வெட்டுவாங்க. என் நவோயாவுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் சாப்பிடற ஒரே இனிப்பு அதுதான்.

— அக்கா... நீங்க சொல்றது...

— நான் எதுவும் சொல்லல. இருட்டற நேரத்துல துப்பாக்கியோட ஆள நிறுத்தியிருக்காங்க. அசையுதுங்கறாங்க. அசையறது என்னன்னு யாராவது பாத்தாங்களா? அவ்வளவுதான் நான் கேக்கறது.

— தலைவரே, எங்க எந்திரிச்சுட்டீங்க? மேயருக்கு என்ன சொல்றது?

— இல்ல. விடுங்கம்மா. இன்னிக்கு வேண்டாம். சக்குமாவ வரச் சொல்லிடறேன்.

— இவ்வளவு நேரம் குதிச்சீங்களே!

— குதிச்சேன். ...இல்ல. இல்ல, அப்படி விடவும் முடியாது. அது கரடிதான் கனோம்மா. எனக்குத் தெரியும். நான் வாய மூடிக்கிட்டுப் போயி, நாளைக்கு அது ஒரு பிள்ளைய... கடவுளே, என்னை இப்படி ஒரு இடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டியே.

— என்னன்னு தெளிவாச் சொல்லுங்க.

— சுமி. என்னை மன்னிச்சுரும்மா. அந்தக் கத்தரி என்னோடது.

— என்ன?

— நீ வெட்ட மாட்டேன்னுட்ட. பறிக்கவும் மாட்டேன்னுட்ட. ஓபா வீட்டம்மா கைய அந்தக் கோலத்துல பாத்ததுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல. நீ ஆஸ்பத்திரிக்குப் போற நேரமாப் பாத்து ஏணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமா நானே பறிச்சேன். திருட்டுத்தனம்தான். குப்பையில போடற பழத்த எப்படி வெட்டினா என்ன? ஆனா இந்தக் கை சின்ன வயசுலேர்ந்து அப்படியே வெட்டிப் பழகிப்போச்சு, அது பாட்டுக்கு வெட்டுது. உனக்கு இப்படி ஒரு நெனப்பு வரும்னு சத்தியமாத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்த மரத்தத் தொட்டிருக்க மாட்டேன்.

— அக்கா, தண்ணி குடிங்க. அக்கா, இங்க பாருங்க. மூச்ச விடுங்க.

— அண்ணே.

— சொல்லு. என்ன வேணாலும் திட்டு. நீ என்னை அண்ணேன்னு கூப்பிட்டே எவ்வளவு நாளாச்சு.

— வெட்டினது எல்லாமே நீங்கதானா?

— எல்லாமே நான்தான்.

— அப்ப தோல் சீவினதும் நீங்கதானா?

— தோலா?

— என் கொல்லைப்புறத் தாழ்வாரத்துல. நான் காலையில எந்திரிச்சா புதுசா ஒரு சரம் தொங்கும். தோல் சீவி, வரிசையாக் கட்டி, ஒண்ணோட ஒண்ணு படாம. யார்கிட்டயும் நான் வாய் திறக்கல. சொன்னா விளக்கும் தடியுமா ஆளு திரண்டு வரும், அவன் இன்னும் தூரமா ஓடிடுவான். அதான் மரத்த வெட்ட விடல. அதான் இப்பவும் கத்தரி வெட்டு விஷயத்த மட்டும் சொன்னேன். அதையும் நீங்கதான் பண்ணினீங்களா அண்ணே? என் மேல பரிதாபப்பட்டா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, நான் தாங்கிக்கறேன்.

— நான் ஒரு பழத்தக்கூடத் தோல் சீவல, சுமி.

— அப்ப பறிச்ச பழத்தையெல்லாம் என்ன பண்ணினீங்க, தலைவரே?

— மூட்டை கட்டி வச்சேன் கனோம்மா. என் வீட்டுல வச்சா கரடி என் வீட்டுக்கு வந்துடுமேன்னு, குப்பை வண்டி வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு அந்த... நேத்துப் போய்ப் பாத்தேன், மூட்டை பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. அதனாலதான் கரடி உள்ள புகுந்துடுச்சுன்னு நானே... ஐயோ. ஐயோ.

— எங்க வச்சீங்க?

— தெஷிமா வீட்டுக் கொட்டகையில.

— போன எடுங்க! நிக்காதீங்க, போன எடுங்க! அக்கா, கோட்டப் போட்டுக்கங்க, என் கார் கீழதான் நிக்குது.

— இருங்கம்மா, எண் வரல... ஆங், அடிக்குது. சக்குமா? நான் தொகாஷி. துப்பாக்கிய வண்டியில வை. ...வைன்னா வை! எல்லாரையும் ரோட்டுக்கு வரச் சொல்லு. ...அசைஞ்சா அசையட்டும்டா, உள்ள விளக்கு அடிக்காதீங்க, அவங்க அம்மா வந்துக்கிட்டிருக்கா. ...யாரோட அம்மாவா? நவோயாவோட அம்மாடா. உள்ள இருக்கறது நவோயா.