அஞ்சாவது பட்டன்

அந்த வெஸ்லினால வந்த வெனதான்க்கா இது! இல்லாட்டி லீவு நாளும் அதுவுமா நான் எதுக்கு இந்த பஸ்ல நசுங்கிட்டு வரப்போறேன்? செத்த நகந்துக்குங்க... ஆங், போதும். ஓசூருக்கா? நானும் அங்கதான். சூளகிரி வந்தாலே இப்படித்தான், வண்டி நின்னா நின்னதுதான்.

வெஸ்லின் யாரா? எங்க ஆஸ்பத்திரிக்கு வெப்சைட்டு செஞ்சு குடுத்தவன். மத்திகிரில இருக்கறான். போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. என்ன வெப்சைட்டுன்னா... புதுசா ஒரு மூட்டுவலி மாத்திரைக்கா. இருநூறு பேருக்குக் குடுத்து, வலி கொறையுதான்னு மாசாமாசம் நான் கேட்டுப் பதியணும். காயிதத்துல எழுதுனா ஆவாதாம், மருந்துக் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்லதான் பாப்பானாம். அதுல பாருங்க, ரெண்டு பேருக்குப் பொறந்த தேதி ஒண்ணா இருந்தா, ஒரே ஆளுன்னு தள்ளிவிட்டுடுது! நம்ம சனத்துல பாதிப்பேரு ஜூன் ஒண்ணாந்தேதிதானேக்கா? பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்டதுதானே பொறந்தநாளு?

அத விடுங்க. வலிக்கு நாலு பட்டன் வெச்சிருந்தான். இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்க முடியல. முத நாளு நாகரசம்பட்டி காளியம்மாள் வருது, மாந்தோப்புல வேல செய்யறது. செவுத்தப் புடிச்சுப் புடிச்சு நடக்குதுக்கா! "வலி எப்படிம்மா?"ன்னா, "பரவால்லம்மா"ங்குது. அடுத்து கன்னடக்காரரு, "பர்வாகில்லா". தெலுங்குக்காரம்மா, "பர்வாலேது". நான் எந்தப் பட்டன அமுக்கட்டும்? அப்பத்தான் அஞ்சாவது பட்டன் வந்துச்சு. 'பரவாயில்லை.' மூணு பாஷைக்கும் ஒண்ணே!

இப்ப என்ன ஆச்சு? மாத்திரைக்கு முன்னாடி நூத்தித் தொண்ணூறு பேரு பரவாயில்ல. ஆறு மாசம் முழுங்கின பொறவும் அதே நூத்தித் தொண்ணூறு பேரு பரவாயில்ல! மருந்து கேக்குதா இல்லையா, ஒரு எழவும் தெரியல. அந்தப் பட்டன் யாரு வேலைன்னு இன்னிக்கு ஓசூர்ல மீட்டிங் போட்டு வெஸ்லின நிக்க வெக்கப் போறாங்க. வேல போயிரும்க்கா அவனுக்கு.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? போட்டது அவன்தானே!

...சரி, போடச் சொன்னது யாருன்னா... "வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா"ன்னு அவன் மூணு தடவ சொன்னான்தான். நாந்தான், "நாளெல்லாம் சனங்க கிட்ட தொண்ட வத்தறது நானா நீயா? சொன்னதப் போடுறா"ன்னு... ஒரு காயிதத்துல கையெழுத்து வேற போட்டுக் குடுத்தேன். அந்தக் காயிதத்த அவன் இன்னும் யாருகிட்டயும் காட்டலக்கா. அதான் லீவையும் விட்டுட்டு நானே பொறப்பட்டு வந்துட்டேன்.

இருங்க, ஃபோன்ல அவன்தான் கூப்பிடறான்.

"வெஸ்லின்... சூளகிரிலப்பா. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்களா? ரொம்பத் திட்டுனாங்களா? எப்படிடா இருக்கற?"

கேட்டீங்களாக்கா... பரவாயில்லயாம்!

"டேய், வெச்சுடாத! இதுக்கு நான் எந்தப் பட்டன்டா அமுக்கறது? ...ஃபோன அவங்ககிட்ட குடு. போடச் சொன்னது நான்தான்னு நானே சொல்றேன். குடுறான்னா!"