சுறாப் பல்லுக்குக் கண்ணாடி போட்ட கதை

படத்துக்கு ஃபிரேம் போடுகிறவனுக்கு முதலில் வேண்டியது சிரிப்பை அடக்கும் திறமை, இன்ஸ்பெக்டர் சார். உத்திரமேரூர் பஜாரில் இத்தனை வருஷம் கடை நடத்தி அதைத்தான் கற்றேன். செத்த மாமனார் படத்துக்குத் தங்க பார்டர் கேட்பார்கள்; இருந்தபோது அவருக்கு ஒரு டீ வாங்கித் தந்திருக்க மாட்டார்கள்.

சுகுமார் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சுறாப் பல். கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், இறங்கிய கரையெல்லாம் பொறுக்கியிருக்கிறான். மீனே வேண்டாமென்று விட்டதை வெல்வெட்டில் பதித்து, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்ட வேண்டுமாம். விலை சொன்னேன். எங்கள் அப்பா நெல் தரகர். குறைத்துக் கேட்கத் தெரியாதவனை மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். இவன், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றான்.

வெல்வெட் வேலை என் தங்கை சசிரேகாவுடையது. கண்ணாடி அறுப்பது, கடை பெருக்குவது, வீடு, எல்லாம் அவள்தான். நாற்பதைத் தொட்டுவிட்டாள். வந்த வரன்களை நான்தான் பக்குவமாகத் திருப்பி அனுப்பினேன், ஒருவனும் தேறவில்லை. பல்லைத் தொட யாரையும் விடாத சுகுமார், அவளிடம் மட்டும் டப்பாவை நீட்டினான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பெரிசு சிறிசு பார்த்து அடுக்கினான்.

"இன்னாண்ணே மொறைக்கிற? சுறாவுக்குப் பல்லு வியுந்தா திரும்ப மொளைக்குதாம். உனக்குப் போனா போனதுதான்" என்று சிரித்தாள். கடையில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. வியாபாரத்துக்கு ஆகாத சத்தம்.

பிறகு அவன் பெண் கேட்டான். தையில் கல்யாணம் என்றேன், "சரிண்ணே." கோயிலிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றேன்; "சரிண்ணே." அதற்கப்புறமும் அவள் தினமும் கடைக்கு வரவேண்டும் என்றேன்.

"அது சசி இஷ்டம்ணே. வரமாட்டேன்னா வுட்டுடணும்."

பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை பேரம் பேசினான். அதையும் என்னிடம்.

அவனுக்கு வீசிங் உண்டு. இழுப்பு வந்தால் உறிஞ்சும் பஃப், செல்போன், இரண்டும் சட்டைப் பையில்தான். பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாளாகப் பார்த்து, சசியைப் பக்கத்து ஊரான பெருநகர் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, கடைசி வரிசையை ஒட்ட அவனைக் கூப்பிட்டேன். கடைக்கு ஜன்னல் கிடையாது. காற்று வருவது ஷட்டர் வழியாகத்தான்.

"சட்டைய கயட்டு மாப்ள, பாலிஷ் பட்டுடும்" என்றேன். மாப்ள என்றதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு மலிவு. சட்டையை வாங்கிக்கொண்டு, பாலிஷில் கலக்கும், நெடி மூச்சை அடைக்கும் தின்னர் டின்னைத் தரையில் கவிழ்த்து, வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.

பக்கத்து ஜவுளிக்கடை ஜெனரேட்டர் இரைச்சலில், படியில் நின்ற எனக்கு மட்டும்தான் அவன் தட்டியது கேட்டது. தட்டுவது நின்றபிறகு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து தரையைத் துடைத்து, சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டேன். வீசிங்கில் போனான் என்று ஊரே ஒத்துக்கொண்டது. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

சசி மிச்சப் பல்லை ஒட்டி முடித்தாள். ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு, அவன் கொடுத்துவைத்திருந்த சாவியால் அவன் வீட்டைத் திறந்து, அங்கேயே தங்கிவிட்டாள். கூப்பிடப் போனால் கதவையே திறப்பதில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன். விவரம் தெரிந்தால், எப்பேர்ப்பட்ட ஏமாளியிடமிருந்து அண்ணன் காப்பாற்றினான் என்று அவளுக்குப் புரியும்.

எனக்கு ஹோட்டல் பார்சல் வேண்டாம் சார். அவளுக்குச் சொல்லி அனுப்பியாயிற்றல்லவா? சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.