மாற்று மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு தீப்பெட்டி இருக்கும். ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்று அலமாரியின் மேல்தட்டில். நமுத்துப்போன ஒற்றைத் தீப்பெட்டியோடு காலை நேரத்தில் மல்லுக்கட்டியவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள். நீங்கள் கேட்டதால் ஆதியிலிருந்தே சொல்கிறேன், ஐயா. நான் சொல்வதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று கடைசியில் நீங்களே காட்டுங்கள்.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் சரக்குப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மேலாளர். மாவும் சர்க்கரையும் அட்டைப்பெட்டியும் நேரத்துக்கு உள்ளே வரவேண்டும், பிஸ்கட் நேரத்துக்கு வெளியே போகவேண்டும். இது நடந்தால் என்னை யாருக்கும் தெரியாது. நடக்காவிட்டால் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை பிஸ்கட் பொட்டலத்துக்குச் சுற்றுத்தாள் தருகிறவரின் அச்சு இயந்திரம் படுத்துவிட்டது. எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. சுட்ட பிஸ்கட்டெல்லாம் உடுத்தத் துணியில்லாமல் மலையாகக் குவிந்து கிடந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுறவனுக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எதற்கும் ஒருவரை மட்டும் நம்பியதில்லை. மாவுக்கு இரண்டு ஆலை, லாரிக்கு இரண்டு கம்பெனி, எனக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி.

அம்மா அப்பா போனபிறகு என் தங்கையை வளர்த்தது நான்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. அவளுக்கு வரன் பார்க்கும் சிரமத்தை அவள் எனக்குக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தான். பழுதானபோது வந்தான், பிறகு பழுதாகாதபோதும் வந்தான். கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

பையன் தங்கமானவன். ஒரே குறை, சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால், "யாராவது உள்ள மாட்டிக்கிட்டா அவங்கள வெளிய எடுத்துட்டுத்தானே வர முடியும் மச்சான்?" என்பான். காரணம் நியாயம்தான். ஆனால் எங்கள் தொழிலில் காரணத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாது. தவிர, அவனுக்குக் கடலோர நகரமொன்றுக்கு மாற்றல் வந்திருந்தது. ரயிலில் போனாலே இரண்டு நாள். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கிளம்புவதாக இருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படித் தாமதமாக வரக்கூடிய ஒரே மாப்பிள்ளையை நம்பி ஒரு கல்யாணத்தை யார் வைப்பார்கள்? அதனால் மாற்று ஏற்பாடு ஒன்று செய்தேன்.

என் கிடங்கில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் ஒருவன் இருக்கிறான். எல்லோரும் அவனைக் கல்லுளி என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறவன். எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறான். அவனைக் கூப்பிட்டு, என் தங்கைக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, கூச்ச சுபாவம், கல்யாணம் முடியும்வரை அவளிடம் பேச்சுக் கொடுக்காதே என்றேன். பேசாமல் இருக்கச் சொன்னதில் அவனுக்குப் பாதி நிம்மதி. அவன் மாற்று ஏற்பாடு என்பதை நான் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் அக்கறையாகச் சரக்கு அனுப்பமாட்டான். மறுநாளிலிருந்து அவன் என்னை 'சார்' என்பதற்குப் பதிலாக 'மச்சான்' என்றான். அந்த ஒரு சொல்லுக்காகவே பல நாள் பேசாமல் சேர்த்துவைத்திருந்தான் போல.

பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே மனு கொடுக்கவேண்டும். மெக்கானிக்கோடு தங்கை ஒரு மனு கொடுத்தாள். கல்லுளியோடு இன்னொரு மனுவை நான் கொடுத்தேன், வேறு ஜன்னலில். அதில் தங்கையின் கையெழுத்தை நானே போட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கையெழுத்தைப் பார்த்துவருகிறேன். அவளைவிட எனக்கு அது நன்றாக வரும். நீங்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று தங்கையை மூன்றாம் மாடிக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கீழே வந்து நின்றேன். எதிர்பாராதது நடந்தது. மெக்கானிக் நேரத்துக்கு வந்துவிட்டான். அவன் வந்து நிற்கும்போதே கல்லுளியும் புதுக் கோட்டும் அம்மாவுமாகத் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாப்பிள்ளை. ஆனால் இதற்கும் எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. கிடங்கில் ஒரே சரக்கு இரண்டு இருந்தால், முதலில் கெடப்போவதை முதலில் அனுப்பவேண்டும். மெக்கானிக் என் தங்கைமேல் உயிரையே வைத்திருந்தான். அவன் வருஷக்கணக்கில் கெடாமல் இருப்பான். கல்லுளிக்கோ அன்று ஒருநாள்தான் லீவு. லீவு கொடுத்ததே நான்தான்.

"மாப்பிள்ளை, படி ஏறினா வேர்த்துடும். லிஃப்ட்ல போங்க" என்றேன்.

அவன் கதவில் காதை வைத்துக் கேட்டான். "இது ஒரு மாதிரி முனகுதே மச்சான்" என்றான். இருந்தாலும் மச்சான் பேச்சைத் தட்டாமல் ஏறிக்கொண்டான். இரண்டாம் மாடி தாண்டியிருப்பான் என்று கணித்து மின்சாரப் பெட்டியில் சுவிட்சை இறக்கினேன். பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று முந்தைய வாரமே வந்து பார்த்துவைத்திருந்தேன். ஏன் பார்த்துவைத்தேன் என்று கேட்காதீர்கள். எதையும் முன்கூட்டியே பார்த்துவைப்பவன் நான்.

கல்லுளியின் அம்மாவுக்கு முழங்கால் வலி. "மூணு மாடியா? லிஃப்ட் இல்லையாப்பா?" என்றார்.

"பழுதும்மா."

இரண்டாம் மாடிக்கு மேலே திரும்பும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா?"

அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்து நின்றார். "ஐயோ பாவம், யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க."

"அவர் லிஃப்ட் மெக்கானிக்தாம்மா" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கூடத்தில் தங்கை எழுந்து வந்தாள். "அவர் எங்கண்ணா?"

அவளைத் தனியாக அழைத்துப்போய், மின்சாரப் பெட்டியைப் பூட்டியது உட்பட விஷயத்தை விளக்கினேன். முதலில் கெடுவது முதலில் போகவேண்டும் என்பதை நிதானமாகச் சொன்னேன். கல்லுளி நம் தெருவிலேயே இருப்பதால் போக்குவரத்துச் செலவுகூட இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

"அண்ணா, நான் பிஸ்கட் இல்ல."

பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. கல்லுளிதான். "இந்தப் பொண்ணுக்கு என்னை யாருன்னே தெரியாதா, சார்?" மச்சான் திரும்பவும் சாராகிவிட்டதை நான் கவனித்தேன். பிறகு கையை நீட்டினான். "சாவியக் குடுங்க." கிடங்கில் தினமும் அப்படிக் கேட்டுக் கேட்டு, நானும் பழக்கதோஷத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் புதுக் கோட்டோடு படியில் இறங்கி ஓடினான்.

மெக்கானிக் வந்தான். "ஒயர்ல கோளாறு இருக்கும்னு நெனச்சேன் மச்சான்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. பதிவாளர்தான் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார். அதற்குள் கல்யாணத்தை முடித்துவைத்தார், நல்ல மனிதர்.

பெண் வீட்டுச் சாட்சியாக ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். நான் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் போனேன். தங்கை அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். திரும்பி, கல்லுளியிடம் நீட்டினாள்.

"அண்ணா, நீங்க போடுங்க" என்றாள்.

அவன் அழுதுகொண்டே போட்டான். அவன் அம்மா என் தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தார். என் கையில் பேனா மூடி மட்டும் இருந்தது. ஆனாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அண்ணன் இல்லாத நேரத்தில் அவளுக்கு ஓர் அண்ணன் கைவசம் இருந்தான் என்றால், அது நான் செய்த ஏற்பாடுதான்.

சாயங்கால ரயிலில் அவர்கள் போய்விட்டார்கள். நான் இங்கே உட்கார்ந்திருப்பதால் வழியனுப்ப முடியவில்லை.

ஆமாம். மனுவில் கையெழுத்துப் போட்டது நான். சுவிட்சை இறக்கியதும் நான். மெக்கானிக் அன்று தாமதமாக வந்திருந்தாலும் லிஃப்டில்தான் ஏற்றியிருப்பேன். "தங்கச்சிய விட்டுட்டு இருக்க முடியலன்னு ஒரே வரியில சொல்லியிருக்கலாமேய்யா" என்கிறீர்கள். அப்படியெல்லாம் எழுதவேண்டாம், ஐயா, அது உண்மையில்லை. எங்கள் கிடங்கில் சொல்வதுபோலவே எழுதிக்கொள்ளுங்கள்: கையிருப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதனால் வெளியே அனுப்பவில்லை.